தண்ணீர் மட்டும் சுருங்காது

ஒரு சொட்டுத் தண்ணீரின் குறுக்களவு சுமார் 3 மில்லிமீட்டர். 76-இல் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்த ரயில் மாடலில், துறைமுகக் கரைச்சுவரில் அந்தச் சொட்டு ஒட்டியிருக்கிறது என்று வையுங்கள். பக்கத்தில் நிற்கும் இரண்டு சென்டிமீட்டர் பொம்மை மனிதருக்கு அது ஒரு பூசணிக்காய்! மாடல் துறைமுகத்தில் நிஜத் தண்ணீர் ஊற்றினால் பொம்மைத்தனம் அப்பட்டமாகத் தெரிவது இதனால்தான். பலகை நனைந்து உப்பிவிடும் என்பதெல்லாம் அப்புறம்.

நேரோ கேஜும் (குறுகிய ரயில்பாதை) துறைமுகமும் சேர்ந்த மாடலுக்கு பிரிட்டனின் வேல்ஸில் உள்ள போர்த்மடாக்கைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை. மலைக் குவாரிகளிலிருந்து சிலேட்டுக் கல்லை இறக்க 1836-இல் திறந்தது ஃபெஸ்டினியோக் ரயில்பாதை. தண்டவாளங்களுக்கு நடுவே 597 மி.மீ.தான் இடைவெளி. பாரம் ஏற்றிய பெட்டிகள் சரிவில் தாமாகவே உருண்டு துறைமுகத்துக்கு வந்துவிடும். குதிரைகளும் ஒரு வண்டியில் ஏறி ஹாயாகச் சவாரி வரும். திரும்பும்போது காலிப் பெட்டிகளை மேலே இழுக்கும். நீராவி எஞ்சின் வந்தது 1863-இல்.

இந்த 597 மி.மீ.யை 76-ஆல் வகுத்தால் 7.9 மி.மீ. வரும். ஆனால் ‘டபுள் ஓ நைன்’ என்ற இந்த மாடல் வகையில் போடுவது 9 மி.மீ. தண்டவாளம். காரணம் எளிது: ‘என்’ என்ற இன்னும் சிறிய அளவு மாடல் ரயில்களுக்கான சக்கரமும் மோட்டாரும் அந்த அகலத்தில் தயாராகக் கிடைக்கின்றன. ஒரு மில்லிமீட்டர் பொய்யைப் பலரும் கண்டுகொள்வதில்லை, நானும்தான்.

குறுகிய பாதையால் இன்னொரு ஆதாயம், வளைவு. ரயிலின் இரு சக்கரங்களும் ஒரே அச்சில் இறுகியிருப்பதால் சேர்ந்தேதான் சுழலும். 9 மி.மீ. பாதையில் அரைவட்டம் சுற்றுவதற்குள் வெளித் தண்டவாளத்துச் சக்கரம், உள்ளே இருப்பதைவிட 28 மி.மீ. கூடுதலாகப் போயாக வேண்டும். இதே அளவு மாடலின் வழக்கமான 16.5 மி.மீ. பாதையில் அதுவே 52 மி.மீ. வித்தியாசம் குறையக் குறைய வழுக்கலும் உரசலும் குறையும். பெட்டிகளும் குட்டை. அதனால் 23 செ.மீ. ஆரத்தில்கூட ரயில் திரும்பிவிடும். மேசை அகலத்துப் பலகை போதும். நீளம்தான் இடிக்கும். ஏறத்தாழ 21 கி.மீ. பாதையை அப்படியே சுருக்கினாலும் 280 மீட்டர் வரும்! ஒரு துறைமேடை, இரண்டு கிளைப்பாதை, ஒரு கிடங்கு என்று வெட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

சரி, தண்ணீருக்கு வருவோம். மர வீட்டை 76 மடங்கு சுருக்கினாலும் அது வீடாகத்தான் தெரியும். தண்ணீரின் மேற்பரப்பைத் தோல்போல் இழுத்துப் பிடிக்கும் பரப்பு இழுவிசை சுருங்காது. சுவரை ஒட்டி நீர் இரண்டு மி.மீ. ஏறி நின்றால், மாடலில் அது 15 செ.மீ. உயர வளைவு. அலையும் காட்டிக்கொடுக்கும். முகட்டுக்கு முகடு 1.7 செ.மீ.க்குக் குறைந்த சிற்றலைகளில் ஈர்ப்பைவிடப் பரப்பு இழுவிசையின் கைதான் ஓங்கியிருக்கும். அதைவிடப் பெரிய அலையை எழுப்பினாலும், நிஜக் கடலோடு ஒப்பிட்டால் 76-இன் வர்க்கமூலம், அதாவது 8.7 மடங்கு அவசரத்தில் ஆடும்.

ஆகவே எபாக்சி ரெசின், ஊற்றினால் கண்ணாடிபோல் இறுகும் பிசின். இறுகும் வினையில் அது வெப்பத்தை வெளிவிடும். மெல்லிய படலமாக இருந்தால் வெப்பம் வெளியேறிவிடும். தடிமனாக ஊற்றினால் உள்ளேயே தங்கி, வினையை இன்னும் முடுக்கிவிடும். பொறுமையில்லாமல் முதல் தடவை மூன்று செ.மீ. ஒரேயடியாக ஊற்றினேன். டப்பா கை பொறுக்காத சூடாகி, கடல் மஞ்சளித்து விரிசல் விட்டது. அடியில் இருந்த தெர்மாக்கோல் குழைந்து போனது தனிக்கதை. இரண்டு மூன்று மி.மீ. அடுக்குகளாக, ஒன்று இறுகியபின் அடுத்தது என்று ஊற்றுவதே வழி.

உண்மையில் ஆழமே தேவையில்லை என்பது என் கட்சி. நேர் மேலிருந்து பார்த்தால் நீர்ப்பரப்பு வெளிச்சத்தில் 2 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்பும். பரப்பிலிருந்து பத்து பாகை உயரத்துக்குக் கண்ணைத் தாழ்த்தினால் அது மூன்றில் ஒரு பங்காகிவிடும். மாடலைத் தாழ்ந்துதானே பார்க்கிறோம்? கண்ணுக்குப் படுவது பெரும்பாலும் பிரதிபலிப்பு; துறைமுகத் தண்ணீரோ கலங்கல் வேறு. பிளைவுட்டில் நடுவே கரும்பச்சை, கரையோரம் சேற்றுப் பழுப்பு. மேலே ஃபெவிகாலைத் தொட்டுத் தொட்டு அலை. அது காய்ந்தபின் பளபளப்பு வார்னிஷ் நான்கு பூச்சு. தீர்ந்தது.

ஆனால் ரசமட்டம் வைக்காமல் ஆரம்பிக்காதீர்கள். தண்டவாளம் சாய்ந்தால் மலைச்சரிவு என்று சமாளிக்கலாம். கடல் சாய்ந்தால் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். கரைச்சுவரில் பாசி படிந்த கறுப்புப் பட்டையின் மேல் விளிம்பும் சாயாமல் நேர்கோடாக ஓட வேண்டும், ஏனென்றால் அதை வரைவது உயர் ஓதம், அதாவது கடல் ஏறி நிற்கும் மட்டம். கப்பலைத் தண்ணீர்க்கோட்டோடு அறுத்து ஒட்டுங்கள். இடம் மிஞ்சினால் எதிரே ஒரு கல்மேடு வையுங்கள். சிலேட்டு ஏற்ற வந்த கப்பல்கள் பாரத்துக்காகச் சுமந்து வந்த கற்களைக் கொட்டிக் கொட்டியே போர்த்மடாக்கில் ஒரு தீவு உருவானது. அதற்கு இன்றும் கேய் பாலாஸ்ட், அதாவது பாரக்கல் துறை என்றுதான் பெயர்.