ஆட்டோபைலட்டிடம் சுக்கானை ஒப்படைக்கும் முன்

படகில் பொருத்தும் ஆட்டோபைலட்டுக்கு வேலை இரண்டு. சொன்ன திசையிலிருந்து படகின் முகம் விலகாமல் பார்த்துக்கொள்வது முதல் வேலை. அதற்குத் திசைகாட்டியும், சுக்கானைத் தள்ளும் மோட்டாரும் போதும். இரண்டாவது வேலை, வரைபடத்தில் போட்ட கோட்டின் மேலேயே படகைக் கொண்டுபோவது. முகம் சரியாக இருந்தாலும் நீரோட்டம் படகைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். ஆகவே கோட்டைவிட்டு எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் விலகியிருக்கிறோம் என்ற கணக்கு ஜிபிஎஸ்ஸிலிருந்து ஓயாமல் வந்துகொண்டிருக்க வேண்டும். முதல் வேலையில் தேறிய கருவி இரண்டாவதில் தவறலாம். அதனால் இரண்டையும் தனித்தனியாகச் சோதிப்பதே முறை.

சோதனையைக் கரையில், படகைக் கயிற்றால் கட்டிவைத்தே தொடங்கலாம். சுக்கான் அச்சின் பக்கம் யாரும் கை வைக்கக் கூடாது. விரலை நசுக்கும் விசை அதற்கு உண்டு. வலப்பக்கம் 10 டிகிரி திரும்பச் சொல்லி பொத்தானை அழுத்தினால், சுக்கானும் படகை வலப்பக்கம் திருப்பும் வகையில் அசைய வேண்டும். மோட்டாரின் இரண்டு வயர்கள் இடம் மாறியிருந்தாலே அது எதிர்ப்பக்கம் போய்விடும்.

அடுத்த சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. படகின் முகத்துக்கு இணையாக, அதற்கு 50 மீட்டர் இடப்பக்கத்தில் ஒரு கோடு அமையும்படி வரைபடக் கருவியில் இரண்டு புள்ளிகளைக் குறியுங்கள். வழிசெலுத்தும் நிலைக்கு மாற்றினால், கோட்டைத் தேடிச் சுக்கான் இடப்பக்கம் திரும்ப வேண்டும். கோட்டை வலப்பக்கத்துக்கு மாற்றினால் சுக்கானும் மாற வேண்டும். படகு ஓர் அடிகூட நகராமலே, ஜிபிஎஸ் முதல் சுக்கான் வரை உள்ள தொடர்பு முழுவதையும் இப்படிப் பார்த்துவிடலாம். இருக்கும் இடத்திலிருந்தே நேராக ஒரு புள்ளிக்குப் போகச் சொன்னால் இந்தச் சோதனை நடக்காது. அப்போது கோடு படகிலிருந்தே புறப்படுவதால் விலகல் பூஜ்யமாகத்தான் இருக்கும்.

பிறகு ஜிபிஎஸ் ஆன்டெனாவின் இணைப்பைக் கழற்றிப் பாருங்கள். ஆட்டோபைலட் உரக்க எச்சரிக்க வேண்டும். 1995 ஜூனில் பெர்முடாவிலிருந்து பாஸ்டனுக்குப் புறப்பட்ட 'ராயல் மெஜஸ்டி' என்ற பயணிகள் கப்பலில், கிளம்பிய சிறிது நேரத்திலேயே இந்த ஆன்டெனா வயர் கழன்றுவிட்டது. ஜிபிஎஸ் கருவி ஒரு கணம் ஒலி எழுப்பிவிட்டு, வேகத்தையும் திசையையும் வைத்து இடத்தை ஊகிக்கத் தொடங்கியது. இந்தத் தகவலை நம்பக் கூடாது என்ற குறியையும் ஆட்டோபைலட்டுக்கு அனுப்பியது. அந்தக் குறியைப் படிக்கும்படி ஆட்டோபைலட் அமைக்கப்படவில்லை. ஏறக்குறைய 34 மணி நேரம் கழித்து, இருப்பதாக நம்பிய இடத்திலிருந்து சுமார் 17 மைல் தள்ளி, அமெரிக்கக் கரையோரமுள்ள நான்டக்கெட் தீவுக்கு அருகே கப்பல் மணல்திட்டில் ஏறியது. ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் கப்பலில் இருந்தும் உயிர்ச்சேதம் இல்லை. சுக்கானிலோ மோட்டாரிலோ ஒரு கோளாறும் இல்லை. வந்த தகவல்தான் தவறு. கழன்ற ஒரு வயர் என்ன செய்யும் என்பதைக் கரையிலேயே பார்த்துவிடச் சொல்வது இதனால்தான்.

திசைகாட்டியைச் சரிபார்க்கக் கடலுக்குப் போயாக வேண்டும். இன்ஜினின் இரும்பும் ஒலிபெருக்கியின் காந்தமும் அதன் அளவைக் கெடுக்கும். அலையில்லாத நீரில் படகை மெதுவாக வட்டமடிக்க விட்டால், எந்தத் திசையில் எவ்வளவு பிழை என்று கருவியே கணித்துத் திருத்திக்கொள்ளும். இந்தப் பிழையை அற்பம் என்று விடக் கூடாது. 1 டிகிரி தவறு, 60 கடல் மைல் ஓடினால் 1 கடல் மைல் விலகலாகிவிடும்.

கடைசியாக, கருவி எவ்வளவு பதற்றமாகச் சுக்கானைத் திருப்புகிறது என்பது. 1922இல் நிக்கோலஸ் மினோர்ஸ்கி என்ற பொறியாளர், கைதேர்ந்த மாலுமி சுக்கானைப் பிடிக்கும் விதத்தைக் கணிதமாக எழுதினார். இப்போதைய விலகல், அது மாறும் வேகம், இதுவரை சேர்ந்த விலகல் ஆகிய மூன்றையும் எடைபோட்டுத் திருப்புவதே அந்த முறை. முதலாவதற்கு எடை கூடினால் படகு பாம்புபோல் வளைந்து வளைந்து ஓடும். பின்னால் விழும் நீர்த்தடத்தைப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். ஆழமான, ஆளில்லாத நீரில், ஒருவர் சுக்கானைத் திருப்பும் சக்கரத்தின் அருகே நிற்க, வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் அந்தத் தடம் நேராகும்வரை எடைகளை மாற்றிப் பார்க்க வேண்டும். கருவியை நிறுத்திக் கைக்கு எடுத்துக்கொள்ள எத்தனை விநாடி ஆகிறது என்பதையும் அப்போதே அளந்துகொள்ளுங்கள்.