எமுலேட்டர்: சொல் விளக்கம்

ஒரு கணினி இன்னொரு கணினியைப் போலவே நடந்துகொள்ளச் செய்யும் மென்பொருளுக்கு எமுலேட்டர் என்று பெயர். பழைய வீடியோ கேம்கள் இன்றைய டிவியிலும் செல்போனிலும் மறுபடி வெளிவருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். எமுலேட்டர் விளையாட்டை மாற்றி எழுதுவதில்லை. அந்த விளையாட்டு ஓடிய இயந்திரத்தைத்தான் போலச் செய்கிறது. விளையாட்டின் நிரல் அன்று எழுதியபடியே இருக்கும்.

லத்தீனில் ஒருவருக்கு ஈடாக முயல்வது, போட்டி போடுவது என்ற பொருளுள்ள வினையிலிருந்து பிறந்தது இந்தச் சொல். கணினித் துறைக்கு இதைக் கொண்டுவந்தது ஐபிஎம். 1964-இல் அந்நிறுவனம் சிஸ்டம்/360 வரிசையை அறிவித்தபோது, 1401 போன்ற பழைய கணினிகளுக்காக எழுதிய நிரல்கள் வாடிக்கையாளர்களிடம் ஏராளமாக இருந்தன. அத்தனையையும் திரும்ப எழுதச் சொன்னால் புதுக் கணினியை யார் வாங்குவார்கள்? அதனால் பழைய கணினியின் கட்டளைகளைப் புரிந்துகொண்டு ஓட்டும் ஏற்பாட்டைப் புதியதற்குள்ளேயே வைத்தார்கள். அதற்கு இட்ட பெயர்தான் இது.

விளையாட்டுகளில் இதன் அருமை தெரிய, 1978-இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்தில் டொமொஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸைப் பார்க்கலாம். வரிசைக்கு 11 வீதம் 5 வரிசைகளில் 55 அந்நிய உயிர்கள் இறங்கி வரும். சுடச் சுட மிச்சமிருப்பவை வேகமெடுக்கும். கடைசி ஒன்றைப் பிடிப்பதற்குள் கை பதறிவிடும். திரை நொடிக்கு 60 முறை புதிதாக வரையப்படுகிறது, ஒவ்வொரு முறையும் ஒரே ஓர் உருவம்தான் நகர்கிறது. 55-உம் ஓர் அடி வைத்து முடிக்க ஏறக்குறைய ஒரு நொடி ஆகும். ஒன்றே ஒன்று மிஞ்சினால் அது நொடிக்கு 60 அடி வைக்கும். அன்றைய சிப்பின் வேகம் போதாததால் வந்த விளைவு இது. நிஷிகாடோவுக்கு அது பிடித்துப்போனதால் அப்படியே விட்டுவிட்டார். நல்ல எமுலேட்டரில் அந்தப் பதற்றம் துளியும் குறையாது. மறுவெளியீட்டை ஆசையோடு வாங்குபவர்கள் தேடுவது இதைத்தான் என்பது என் எண்ணம். படம் பளிச்சென்று இருப்பதெல்லாம் அப்புறம்தான்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'போலி' பொருந்தாது, அதில் ஏமாற்று வாடை உண்டு. 'முன்மாதிரி' வேறு பொருள். பொய்க்கால் குதிரையாட்டத்தைப் 'போலச்செய்தல்' வகைக் கலை என்று பள்ளித் தமிழ்ப் பாடநூல் சொல்கிறது. குதிரைக் கூட்டைச் சுமந்து ஆடுபவர் மனிதர். நடையும் துள்ளலும் குதிரையுடையவை. எமுலேஷனும் அதேதான். எனவே செயலுக்குப் போலச்செய்தல், மென்பொருளுக்குப் போலச்செய்வி என்பவையே எனக்குச் சரியாகப் படுகின்றன.

பக்கத்துச் சொற்களோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். படத்தையும் ஒலியையும் துலக்கித் தருவது ரீமாஸ்டர், அதாவது மெருகூட்டிய பதிப்பு. அடியிலிருந்து புதிதாகக் கட்டுவது ரீமேக். அதற்கு மறுஆக்கம் போதும். 90-களில் நம் ஊர்களில் கேசட் செருகி விளையாடிய மலிவு டிவி கேம்களில் பல, ஜப்பானிய வீடியோ கேம் நிறுவனமான நிண்டெண்டோவின் வன்பொருளையே பார்த்துச் செய்த நகல்கள். அவை போலச்செய்வி ஆகா.

இந்தச் சொல்லுக்கு இனி வேலை அதிகம். அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இப்போது கடையில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. 90-களிலேயே கைவிடப்பட்ட ஸ்டார் ஃபாக்ஸ் 2 என்ற விளையாட்டு முதன்முதலாக அதிகாரபூர்வமாக மக்கள் கைக்கு வந்ததும் இப்படித்தான்: 2017-இல் நிண்டெண்டோ விற்ற எஸ்என்இஎஸ் கிளாசிக் என்ற குட்டிப் பெட்டியில், மற்ற 20 விளையாட்டுகளோடு, ஒரு போலச்செய்வியின் மேல் ஓடியது.