தொங்காத நாடு: ‘இன்டிபென்டன்ஸ்’ என்ற சொல்லும் ஸ்காட்லாந்தும்

சுவர்க் கடிகாரத்தில் பெண்டுலம், அலுவலகத்தில் சஸ்பெண்ட், வெளிநாட்டு வேலைக்குப் போகிறவரின் துணைக்கு டிபெண்டன்ட் விசா. மூன்றுக்கும் வேர் ஒன்றுதான்: ‘தொங்கு’ என்று பொருள்படும் லத்தீன் வினை. ஒன்றைப் பிடித்துத் தொங்குவது ‘டிபென்ட்’. எதிலும் தொங்காத நிலை ‘இன்டிபென்டன்ஸ்’. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், மேலிடத்துக்குக் கட்டுப்படாமல் தங்கள் சபையைத் தாங்களே நடத்திக்கொண்ட கிறிஸ்தவர்களை ‘இன்டிபென்டன்ட்கள்’ என்றார்கள். 1776இல் அமெரிக்கா பிரகடனம் செய்த பிறகு அது நாடுகளின் சொல்லாக நிலைத்தது.

பிரிட்டனிலிருந்து பிரிய வேண்டும் என்ற ஸ்காட்லாந்துக் கோரிக்கை செய்தியில் வரும்போதெல்லாம் நாம் ‘இன்டிபென்டன்ஸ்’ என்பதை ‘சுதந்திரம்’ என்றோ ‘விடுதலை’ என்றோ எழுதிவிடுகிறோம். எனக்கு இரண்டிலுமே தயக்கம் உண்டு.

‘சுதந்திரம்’ வடமொழியின் ஸ்வ + தந்த்ர. தந்த்ரம் என்றால் தறி, பாவு நூல். அதிலிருந்து ஒழுங்கு, ஆட்சிமுறை என்று பொருள் விரிந்தது. தன் தறியில் தானே நெய்வது என்று வைத்துக்கொள்ளலாம். தமிழுக்கு வந்தபின் அதற்கு வேறொரு வாழ்க்கையும் கிடைத்தது. ஊர்ப் பணியாளருக்குக் களத்துமேட்டில் அளந்து கொடுத்த நெல் பங்குக்குச் சுதந்திரம் என்று பெயர். தமிழ் பைபிளில் சுதந்தரவாளி என்றால் வாரிசு. ஆனால் இன்று யார் காதில் விழுந்தாலும் ஆகஸ்ட் 15தான் நினைவுக்கு வரும்.

‘விடுதலை’ இன்னும் அழுத்தமானது. சிறையிலிருந்து விடுதலை, வழக்கிலிருந்து விடுதலை. கட்டியவன் ஒருவன் இருந்தால்தான் அந்தச் சொல் நிற்கும். ஸ்காட்லாந்தைக் கட்டியது யார்? 1707 ஜனவரியில் எடின்பரோவில் இருந்த ஸ்காட்லாந்து நாடாளுமன்றமே 110க்கு 69 என்ற வாக்கில் இங்கிலாந்துடன் இணைய ஒப்புக்கொண்டது. பனாமா பக்கம் டேரியனில் குடியேற்றம் அமைக்கப் போய்ப் பெரும் பணத்தைத் தொலைத்திருந்த நேரம் அது. வாக்களித்தவர்களுக்குக் காசு கைமாறியது என்ற குற்றச்சாட்டும் உண்டு, தெருவில் மக்கள் எதிர்த்ததும் உண்மை. இருந்தாலும் அது படையெடுப்பு அல்ல, ஒப்பந்தம். அப்புறம் பேரரசில் ஸ்காட்லாந்துக்காரர்கள் ஆளப்பட்ட பக்கத்தில் நிற்கவில்லை. சென்னையில் சேணமும் அங்கவடியும் இல்லாத குதிரைமேல் சிலையாக உட்கார்ந்திருக்கும் அன்றைய ஆளுநர் தாமஸ் மன்றோ கிளாஸ்கோவில் பிறந்தவர். நம் ஓலைச்சுவடிகளைத் தேடித் திரட்டிய காலின் மெக்கன்சி ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவுக்காரர்.

பிரிட்டன் உச்ச நீதிமன்றமும் கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னது. 2022 நவம்பர் 23 அன்று, லண்டனின் இசைவில்லாமல், பிரிவது பற்றிய வாக்கெடுப்புக்குச் சட்டம் இயற்ற ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. சுயநிர்ணய உரிமை என்ற வாதத்தையும் ஏற்கவில்லை. கனடாவிலிருந்து பிரிய முயன்ற கியூபெக் மாகாணம் பற்றிய அந்நாட்டுத் தீர்ப்பை எடுத்துக்காட்டி, பிரிந்துபோகும் உரிமை காலனிகளுக்கும், அந்நிய ஆக்கிரமிப்பில் ஒடுக்கப்பட்டவர்களுக்கும், ஆட்சியில் பங்கு மறுக்கப்பட்டவர்களுக்கும் உரியது, ஸ்காட்லாந்து அந்த வகையில் வராது என்றது. அப்படியானால் ஒப்பந்தத்திலிருந்து வெளியேற வழிதான் என்ன என்று ஆதரவாளர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. தங்களில் பெரும்பாலோர் வாக்களிக்காத கட்சி லண்டனில் 2024 வரை ஆண்டுக்கணக்கில் ஆண்டது என்ற மனத்தாங்கலும் பொய்யல்ல. ஆனால் அது ஆட்சி பற்றிய குறை, அடிமைத்தனம் பற்றியது அல்ல.

என் ஐயம் இன்னும் அடியில், ‘தொங்காமை’ என்ற மூலப்பொருளிலேயே இருக்கிறது. 2014இல் நடந்த வாக்கெடுப்புக்கு முன், 2013 நவம்பரில் ஸ்காட்லாந்து அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, பிரிந்த பிறகும் பவுண்டு நாணயம், அரசி, ஐரோப்பிய ஒன்றியம், நேட்டோ எல்லாம் தொடரும் என்றது. பவுண்டு தொடர்ந்தால் வட்டி விகிதத்தை முடிவு செய்வது லண்டனில் இருக்கும் பேங்க் ஆஃப் இங்கிலாந்து. இன்றைக்கு அந்த வங்கியைக் கட்டுப்படுத்தும் நாடாளுமன்றத்திலாவது ஸ்காட்லாந்து உறுப்பினர்கள் உண்டு. பிரிந்தால் அதுவும் இல்லை. 2014 பிப்ரவரியில் பிரிட்டன் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் எடின்பரோவுக்கே போய், பவுண்டைப் பகிர்ந்துகொள்ளும் நாணயக் கூட்டு கிடையாது என்று சொல்லிவிட்டார். ஸ்காட்லாந்து நம்பியிருந்த வடகடல் எண்ணெயும் அப்படித்தான்: 2014 கோடையில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் விற்றது, 2015 ஜனவரியில் 50க்குக் கீழே. தனிநாட்டின் முதல் வரவு செலவுத் திட்டம் அதில் தொங்கியிருக்கும். பிரெக்சிட் வந்து பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியபின் முடிச்சு இன்னும் இறுகியது. ஐரோப்பாவில் சேர்ந்தால், மிகப் பெரிய சந்தையான இங்கிலாந்தோடு சுங்க எல்லை வரும். சேராவிட்டால் பிரிவதற்குச் சொன்ன வலுவான காரணமே போய்விடும்.

சரி, தமிழில் எப்படி எழுதுவது? சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘சார்பின்மை’. அதை மதச்சார்பின்மை ஏற்கெனவே எடுத்துக்கொண்டது. ‘சுயேச்சை’ தேர்தலில் டெபாசிட் இழக்கும் வேட்பாளரிடம் போய்விட்டது. ‘தன்னாட்சி’ நல்ல சொல்தான், ஆனால் அது அன்னி பெசன்ட் வழியாக நமக்குத் தெரிந்த ஹோம் ரூல். ஸ்காட்லாந்திலும் 1886இலேயே ஹோம் ரூல் சங்கம் இருந்தது. 1999இல் தனி நாடாளுமன்றம் கூடியபோது அது பெருமளவு கைகூடியும் விட்டது. ‘பிரிவினை’ எதிர்ப்பாளர்களின் சொல். அதற்கு நிகரான ஆங்கிலச் சொல்லைக் கேட்டால் அங்கே ஆதரவாளர்களுக்கும் கோபம் வரும்.

மிஞ்சுவது ‘தனிநாடு’. திராவிட நாடும் ஈழமும் அதில் தங்கள் நிழலை விட்டுச் சென்றிருக்கின்றன என்பது தெரியும். ஆனாலும் அந்தச் சொல் யாரையும் சிறை வைத்தவன் என்று சொல்வதில்லை, எதிலும் தொங்கமாட்டோம் என்று வாக்குக் கொடுப்பதும் இல்லை. 2014 செப்டம்பர் 18 வாக்கெடுப்புக்கு முதலில் எழுதிய கேள்வி ‘ஒப்புக்கொள்கிறீர்களா’ என்று தொடங்கியது. அது ஆமாம் போட வைக்கிறது என்று தேர்தல் ஆணையம் சொன்னதால் அந்தச் சொற்களை எடுத்தார்கள். மீதிக் கேள்வியை நான் இப்படி எழுதுவேன்: ‘ஸ்காட்லாந்து தனிநாடாக இருக்க வேண்டுமா?’ 55.3 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள், 44.7 சதவீதம் பேர் வேண்டும் என்றார்கள்.