சர்வரில் டிஸ்க் இடத்தைப் பெருக்கும் முன் ஒரு நாள் கொடுங்கள்

ஆம்பூர், பேரணாம்பட்டு தோல் தொழிற்சாலைகளிலும், ராணிப்பேட்டை சிப்காட்டின் சிறு நிறுவனங்களிலும், ஆரணியின் பட்டுக் கடைகளிலும், வேலூர் நகரத்தின் பரிசோதனைக் கூடங்களிலும் சர்வர் என்பது பெரும்பாலும் கணக்கு அறையின் ஒரு மூலையில், யு.பி.எஸ். ஒன்றின் பக்கத்தில் நிற்கும் ஒற்றைப் பெட்டிதான். பல ஆண்டுக் கணக்கும், ஏற்றுமதி ஆவணங்களும், நோயாளிகளின் ஸ்கேன் படங்களும் அந்த ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. அதில் இடம் தீர்ந்துவிட்டது என்று என்னை அழைப்பவர்கள், "பெரிய டிஸ்க் ஒன்று போட்டால் போதுமே சார், எவ்வளவு நேரம் ஆகும்?" என்றுதான் கேட்கிறார்கள். டிஸ்க் இடத்தை விரிவாக்கும் கட்டளை சில நிமிடங்களில் முடிந்துவிடும். இருக்கும் தரவை இழக்காமல் அந்தக் கட்டளை வரை வந்து சேர்வதற்குத்தான் ஒரு நாள் வேண்டும். அந்த ஒரு நாளை உரிமையாளர்கள் ஏன் மனமுவந்து கொடுக்க வேண்டும், கொடுத்தபின் தொழில்நுட்பரிடம் எதையெல்லாம் கேட்க வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில், இடம் உண்மையிலேயே தீர்ந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். லினக்ஸில் அழிக்கப்பட்ட ஒரு பதிவுக் (லாக்) கோப்பை ஏதேனும் ஒரு மென்பொருள் இன்னும் திறந்தே வைத்திருந்தால், அந்த மென்பொருளை மறுபடி தொடங்கும் வரை அந்த இடம் திரும்பக் கிடைக்காது. கோடிக்கணக்கான சிறு கோப்புகள் சேர்ந்து கோப்பு ஒவ்வொன்றுக்கும் ஒன்று தேவைப்படும் ஐநோடு எனும் குறியீட்டுப் பதிவுகள் தீர்ந்துபோனாலும், இடம் மீதியிருக்கும்போதே டிஸ்க் நிரம்பிவிட்டது என்ற செய்தி வரும். ஆனால் இடம் வேண்டும் என்பதற்காகப் பதிவுக் கோப்புகளைக் கண்ணை மூடிக்கொண்டு அழிக்கவும் கூடாது. 2022 ஏப்ரலில் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவு, நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாட்களுக்கு வைத்திருக்கச் சொல்கிறது. அவற்றை வேறிடத்துக்கு நகர்த்துவதே சரி.

அடுத்தது காப்புப் பிரதி. பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக இயக்கும் ரெய்டு அமைப்பு காப்புப் பிரதி ஆகாது. ஒரு டிஸ்க் பழுதானால் வேலை நிற்காமல் பார்த்துக்கொள்வது மட்டுமே அதன் பணி, தவறாக அழிக்கப்பட்ட கோப்பை எல்லா டிஸ்க்கிலும் ஒரே நொடியில் அழித்துவிடும். ஒரு கணத்தின் நிலையைப் பதிந்துவைக்கும் ஸ்னாப்ஷாட்டும் பெரும்பாலும் அதே டிஸ்க்கில்தான் உட்கார்ந்திருக்கிறது. டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் கோப்புகளை அப்படியே நகல் எடுத்தால், பார்வைக்கு முழுமையாகத் தெரியும் அந்த நகல், திறக்கும்போது திறக்காமல் போகலாம். எனவே டேட்டாபேஸை நிறுத்திவிட்டு நகல் எடுக்க வேண்டும், அல்லது தரவை முழுமையாக வெளியே எழுதித் தருவதற்கென்றே உள்ள டம்ப் முறையைப் பயன்படுத்த வேண்டும். எடுத்த நகலை வேறொரு கணினியில் மீட்டுத் திறந்து பார்க்கும் வரை அதைக் காப்புப் பிரதி என்று நான் கணக்கில் சேர்ப்பதில்லை. திறந்து பார்ப்பவர் தொழில்நுட்பராக இருந்தால் போதாது. கணக்காளர் வந்து அமர்ந்து, சென்ற நிதியாண்டின் மார்ச் மாத இருப்புத் தொகை சரியாக இருக்கிறதா, பழைய இன்வாய்ஸ் ஒன்றை அச்சிட முடிகிறதா என்று பார்க்க வேண்டும். பரிசோதனைக் கூடமானால் அங்கே ரிப்போர்ட் தயாரிப்பவர் பார்க்க வேண்டும். கம்பெனிச் சட்டம் கணக்குப் புத்தகங்களை 8 ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது. ஜி.எஸ்.டி. சட்டமோ ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் என்கிறது. டிஸ்க் மாற்றும்போது போய்விட்டது என்ற பதில் இவற்றில் எதற்கும் ஈடாகாது.

தரவு அழிவது பெரும்பாலும் விரிவாக்கும் கட்டளையால் அல்ல, டிஸ்க்கை அடையாளம் காண்பதில் நேரும் பிழையால்தான். லினக்ஸில் எஸ்டிஏ, எஸ்டிபி என்று தெரியும் பெயர்கள் நிலையானவை அல்ல. புதிய டிஸ்க்கைச் செருகி மறுதொடக்கம் செய்தால் நேற்றைய எஸ்டிபி இன்று எஸ்டிசி ஆகிவிடலாம். அந்தப் பெயரை நம்பி, டிஸ்க்கைப் புதிதாக ஃபார்மேட் செய்யும் எம்கேஎஃப்எஸ் கட்டளையைக் கொடுப்பவர், புதிய டிஸ்க் என்று நினைத்துப் பழைய டிஸ்க்கைக் காலி செய்துவிடுவார். லினக்ஸ் டிஸ்க்கை விண்டோஸ் கணினியில் இணைத்தால் பயன்படுத்துவதற்கு முன் ஃபார்மேட் செய்யச் சொல்லும் பெட்டி ஒன்று திரையில் எழும். அவசரத்தில் அதற்குச் சம்மதம் சொன்னவர்களின் டிஸ்க்குகள் என்னிடம் வந்திருக்கின்றன. ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியல் எண்ணையும் தாளில் எழுதி, அதே எண்ணைத் திரையில் பார்த்து உறுதி செய்த பின்னரே எதையும் தொட வேண்டும். இருக்கும் தரவுக்கு மேல் இடம் சேர்க்கும் வேலையில் பழைய டிஸ்க்குக்கு எம்கேஎஃப்எஸ் கட்டளை எந்த நிலையிலும் தேவைப்படாது. யாராவது அதைத் தட்டச்சு செய்யத் தொடங்கினால் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

பல டிஸ்க்குகளின் இடத்தை ஒரே தொகுப்பாகச் சேர்த்துப் பங்கிடும் எல்.வி.எம். முறையில் அமைந்த சர்வரில் வேலை அடுக்கடுக்காக நடக்கிறது. டிஸ்க்கை அடையாளப்படுத்தி, வால்யூம் குழு எனும் அந்தத் தொகுப்பில் சேர்த்து, அதிலிருந்து பிரித்த தருக்க வால்யூமை நீட்டி, கடைசியாக அதன் மேல் கோப்புகளை ஒழுங்குபடுத்தும் ஃபைல் சிஸ்டத்தையும் பெரிதாக்க வேண்டும். இந்தக் கடைசிப் படியை மறந்துவிட்டு, இடம் கூடவில்லையே என்று பதறி வேறு கட்டளைகளை முயல்வதில்தான் ஆபத்து இருக்கிறது. ஈஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ் என்ற இரண்டு ஃபைல் சிஸ்டம் வகைகளையுமே இயங்கும்போதே பெரிதாக்கலாம். ஆனால் எக்ஸ்எஃப்எஸ்ஸைத் திரும்பச் சுருக்க நடைமுறையில் வழியில்லை என்பதால், எவ்வளவு நீட்டுவது என்பதை முன்பே தீர்மானிக்க வேண்டும். எல்.வி.எம். இல்லாமல், டிஸ்க்கைப் பிரித்த பகுதியான பார்ட்டிஷனை நீக்கி மறுபடி உருவாக்க நேர்ந்தால், அது தொடங்கும் செக்டர் (டிஸ்க்கின் சிறு அலகு) எண் மாறவே கூடாது. இப்போது வழக்கமான தொடக்கம் 2048, பழைய சர்வர்களில் 63 ஆக இருந்திருக்கும்; கருவி தானாகக் காட்டும் எண்ணை ஏற்றுக்கொண்டால் பழைய ஃபைல் சிஸ்டம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். பார்ட்டிஷன் விவரங்களை வைத்திருக்கும் பழைய எம்.பி.ஆர். அட்டவணையில் வழக்கமான 512 பைட் செக்டர் கொண்ட டிஸ்க்கில் ஏறத்தாழ 2 டி.பி.க்கு மேல் எட்டாது என்பதையும், சர்வர் என்பது வேறொரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் மெய்நிகர் எந்திரமானால் ஸ்னாப்ஷாட் இருக்கும் நிலையில் டிஸ்க் அளவைக் கூட்டக் கூடாது என்பதையும் டிஸ்க் வாங்குவதற்கு முன்பே சரிபார்க்க வேண்டும்.

எங்கள் பகுதியில் நான் மிகவும் கவலையோடு பார்க்கும் பழக்கம் ஒன்று உண்டு. ரெய்டு பாதுகாப்பில் இருக்கும் வால்யூம் குழுவோடு, கடையில் வாங்கிய ஒற்றை டிஸ்க்கை, சில இடங்களில் யு.எஸ்.பி. வெளி டிஸ்க்கைக்கூட, சேர்த்து இடத்தைப் பெருக்கிக்கொள்கிறார்கள். ஏரிக்கரை ஓரிடத்தில் உடைந்தாலும் ஏரி முழுவதும் காலியாவதைப் போல, அந்த ஒற்றை டிஸ்க் போனால் குழுவின் மேல் பரவியிருக்கும் ஃபைல் சிஸ்டமே குலைந்துவிடும். ஒரு பரிசோதனைக் கூடத்தில் இப்படிச் சேர்த்திருந்த வெளி டிஸ்க்கின் வயர், அறையைப் பெருக்கும்போது கழன்றுவிட்டது. ரிப்போர்ட்டுகள் மீண்டன, ஸ்கேன் படங்களில் ஒரு பகுதி மீளவில்லை. படங்கள் திரும்பக் கிடைக்காத நோயாளிகளிடம் மறுபடி ஸ்கேன் எடுக்க வரச் சொல்ல வேண்டியிருந்தது. மலிவாகக் கிடைத்த இடத்துக்கு அவர்கள்தான் விலை கொடுத்தார்கள்.

ஒரு டிஸ்க் பழுதானாலும் தாங்கும் ரெய்டு 5 அமைப்பில் ஒரு டிஸ்க்கைக் கூட்டி விரிவாக்கும் வசதி, ரெய்டை இயக்கும் கன்ட்ரோலர் அட்டைகள் பலவற்றில் இருக்கிறது. ஆயினும் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. தரவை எல்லா டிஸ்க்கிலும் மறுபடி அடுக்கும் வேலை டிஸ்க்கின் அளவைப் பொறுத்துப் பல மணி நேரமோ அதற்கு மேலோ நடக்கும். அத்தனை நேரமும் வயதான டிஸ்க்குகள் முழுப் பளுவைத் தாங்க வேண்டும். வேலூரின் மே மாத வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில், இரவு ஏ.சி.யை அணைத்துவிட்டுப் பூட்டும் அறையில் இதைச் செய்வது தகாது. மாதாந்திரப் பராமரிப்பு மின்நிறுத்தம் எந்த நாள் என்று பார்க்காமல் தொடங்கி, பாதியில் யு.பி.எஸ். பேட்டரியும் இறங்கிப்போனால் என்னவாகும் என்பதை எண்ணிப் பாருங்கள். செலவு சற்றுக் கூடினாலும், பெரிய டிஸ்க்குகளில் புதிய ரெய்டு ஒன்றை அமைத்து, தரவை அதற்கு நகலெடுத்து, பழையதைத் தொடாமல் விடுவதே நல்லது. டிஸ்க்குகளைக் கழற்றி மாட்டியபின் கன்ட்ரோலர் வேற்று அமைப்பு (ஃபாரின் கான்ஃபிகரேஷன்) இருப்பதாகச் சொன்னால், அதை அழிக்கும் விருப்பத்தைத் தேர்ந்தெடுக்காமல், ஏற்கும் விருப்பம் பொருந்துமா என்று நிதானமாகப் படித்துப் பார்க்க வேண்டும்.

புதிய டிஸ்க்கை ஏற்கெனவே கோப்புகள் உள்ள ஃபோல்டரின் மேல் மவுன்ட் செய்தால், அதாவது அந்த ஃபோல்டர் வழியாகத் திறக்கும்படி இணைத்தால், பழைய கோப்புகள் காணாமல் போனதுபோல் தோன்றும். அவை அழியவில்லை, அடியில் மறைந்திருக்கின்றன. மவுன்ட்டை நீக்கினால் திரும்பத் தெரியும். பதற்றத்தில் மீட்பு மென்பொருள்களை ஓட்ட வேண்டாம். மவுன்ட் விவரங்களை டிஸ்க் பெயரால் எழுதாமல் மாறாத அடையாள எண்ணான யு.யு.ஐ.டி. கொண்டு எழுதி, ஊழியர்கள் அலுவலகத்தில் இருக்கும்போதே சர்வரை ஒருமுறை மறுதொடக்கம் செய்து பார்த்துவிட வேண்டும். பழைய டிஸ்க்குகளைச் சீரியல் எண்ணும் தேதியும் எழுதிய உறையில் போட்டு, அடுத்த மாதக் கணக்கு முடிந்து ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் தாக்கல் ஆகும் வரை பூட்டி வையுங்கள். அதற்குப் பிறகு வேறொருவர் கைக்குப் போவதானால், முழுவதும் அழித்துவிட்டுக் கொடுங்கள்.