கால் வளைந்த குழந்தையும் கழலாத வளையலும்

இரண்டரை வயதுப் பேத்தியை ஆச்சி தூக்கி வந்திருந்தார். "இடுப்புலயே தூக்கி வச்சிருந்தேன் டாக்டர், அதான் காலு வளைஞ்சு போச்சு" என்று சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. நான் முதலில் பிடித்துப் பார்த்தது மணிக்கட்டை. கருப்பு வளையல் கழலாமல் இறுகியிருந்தது. பிள்ளை சதை போட்டுவிட்டாள் என்று வீட்டில் சந்தோஷப்பட்டிருக்கிறார்கள். தொட்டால் சதை இல்லை. எலும்பின் முனை புடைத்திருந்தது.

இடுப்பில் தூக்குவதால் கால் வளையாது, ஆச்சி. கருவில் மடங்கிக் கிடந்த கால், பிறக்கும்போது வில் போலத்தான் இருக்கும். இரண்டு வயதுவாக்கில் நிமிர்ந்துவிடும். மூன்று, நான்கு வயதில் முட்டிகள் உள்பக்கமாக இடிப்பதும், ஏழு வயதுக்குள் அது சரியாவதும் இயல்பு. இரண்டு வயதுக்குப் பிறகும் வளைவு கூடினாலோ, ஒரு கால் மட்டும் வளைந்தாலோ உடனே காட்டுங்கள்.

எலும்பு நீளமாக வளர்வது அதன் முனைக்கு அருகில் உள்ள மெல்லிய குருத்தெலும்புத் தட்டில். அங்கே செல்கள் அடுக்கடுக்காகப் பெருகும். பின்னாலேயே கால்சியமும் பாஸ்பரஸும் படிந்து கெட்டியாக்கும். வைட்டமின் டி குறைந்தால் உணவிலுள்ள கால்சியத்தைக் குடல் சரியாக உறிஞ்சாது. குருத்தெலும்பு பெருகிக்கொண்டே போகும், கெட்டியாவது மட்டும் நின்றுவிடும். அதனால்தான் மணிக்கட்டு அகல்கிறது. காங்கிரீட் இறுகுமுன் சென்ட்ரிங்கைப் பிரித்தது போல, நடக்கத் தொடங்கியதும் உடம்பின் எடை தாங்காமல் கால் வளைகிறது. இதுதான் ரிக்கெட்ஸ்.

நம்மூர் வெயிலில் இது வருமா என்று கேட்கிறார்கள். வருகிறது. ஜன்னல் கண்ணாடி வழியே விழும் வெயில் பயன்படாது; வைட்டமின் டி உண்டாக்கும் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். தாய்ப்பாலிலும் வைட்டமின் டி மிகக் குறைவு. அதற்காகத்தான் முதல் ஒரு வருடம் தினமும் 400 யூனிட் சொட்டு மருந்து எழுதித் தருகிறோம். ஒரு பாட்டில் தீர்ந்ததும் பலர் நிறுத்திவிடுகிறார்கள், அதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

அதற்காக 60,000 யூனிட் வைட்டமின் டி பாக்கெட்டை மெடிக்கலில் நீங்களே வாங்கிக் கொடுக்காதீர்கள். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் பாதிக்கும். சிறுநீரில் பாஸ்பரஸ் வீணாகும் பரம்பரை ரிக்கெட்ஸும் உண்டு. அதற்கு மருந்தே வேறு. எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

இந்தக் குழந்தைக்கு வைட்டமின் டியும் கால்சியமும் கொடுத்தோம். மூன்று மாதத்தில் எக்ஸ்ரேயில் எலும்பு முனைகள் கெட்டியாகத் தெரிந்தன. கால் நிமிர இன்னும் ஒன்றிரண்டு வருடம் ஆகலாம். ஆபரேஷன் தேவைப்படாது என்றே நினைக்கிறேன்.