70 சதவீதம் என்று காட்டிவிட்டு மூன்று தடவை சொதப்பினால்

ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "பால்டர்ஸ் கேட் 3-ல் அடி விழ 70 சதவீத வாய்ப்பு என்று காட்டுகிறது. அடித்தால் தொடர்ந்து மூன்று தடவை வாள் காற்றில் போகிறது. கேம் ஏமாற்றுகிறதா? இவ்வளவு எரிச்சலைக் கிளப்பும் ஒன்றை எல்லோரும் ஏன் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள்?"

இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. பகடையில்.

தெரியாதவர்களுக்கு மட்டும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பெல்ஜியத்தின் கென்ட் நகரில் இருக்கும் லேரியன் ஸ்டுடியோஸ் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட கேம் இது. மந்திரம், பூதம், வாள், டிராகன் எல்லாம் உண்டு. அந்த ஆண்டின் சிறந்த கேம் விருதையும் வாங்கியது. விதிகள் இதற்கென்று புதிதாக உருவாக்கியவை அல்ல, 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் கொண்டுவந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேஜை விளையாட்டின் ஐந்தாம் பதிப்பிலிருந்து எடுத்தவை. அந்த விளையாட்டின் உயிர்நாடி 20 முகம் கொண்ட ஒரு பகடை. 20 முகப் பகடை இன்று நேற்று வந்ததில்லை, கிரேக்க எழுத்துகள் செதுக்கிய பழைய எகிப்தியப் பகடைகள் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

படம் அழகு, கதை பெரிது, நடிப்பு அபாரம் என்று பலரும் எழுதிவிட்டார்கள், எல்லாம் சரிதான், ஆனால் அவை மற்ற கேம்களிலும் கிடைக்கும். என்னைப் பொறுத்தவரை இந்த கேம் தனித்து நிற்பது பகடையை ஒளிக்காததால்தான். பெரும்பாலான கேம்களில் கணக்கு திரைக்குப் பின்னால் நடக்கும், முடிவு மட்டும் நம் கண்ணுக்கு வரும். இங்கே ஒரு காவலாளியிடம் பொய் சொல்லப் போகிறீர்கள் என்றால் திரை இருண்டு நடுவில் ஒரு பகடை வந்து நிற்கிறது, மேலே எட்ட வேண்டிய எண், கீழே உங்களுக்குக் கிடைக்கும் கூடுதல் புள்ளிகள். நீங்களே அழுத்தி உருட்ட வேண்டும். அது உருளும் அந்த இரண்டு நொடி இருக்கிறதே, அதற்காகவே பாதி பேர் ஆடுகிறார்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். எட்ட வேண்டிய எண் 15, உங்கள் கூடுதல் புள்ளி 5 என்றால் பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். 10 முதல் 20 வரை 11 முகங்கள், ஆகவே 55 சதவீதம். ஒவ்வொரு முகமும் 5 சதவீதம், அவ்வளவுதான். கூடவே ஒரு விதி: 20 விழுந்தால் எப்போதும் வெற்றி, 1 விழுந்தால் எப்போதும் தோல்வி.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த பகுதி. அட்வான்டேஜ் என்று ஒரு விதி இருக்கிறது. சூழ்நிலை உங்களுக்குச் சாதகமாக இருந்தால் ஒன்றுக்கு இரண்டு பகடை உருட்டி, பெரியதை வைத்துக்கொள்ளலாம். கேட்பதற்குச் சின்னச் சலுகை போலத் தெரியும். தோற்க வேண்டுமென்றால் இப்போது இரண்டுமே தோற்க வேண்டும். 55 சதவீத வெற்றி வாய்ப்பு என்றால் தோல்வி 45, அதை இரண்டு முறை பெருக்கினால் 0.45 × 0.45, அதாவது சுமார் 20 சதவீதம். வெற்றி வாய்ப்பு 55-லிருந்து கிட்டத்தட்ட 80-க்குத் தாவிவிட்டது!

இந்தச் சலுகையின் அளவு எல்லா இடத்திலும் ஒன்று இல்லை என்பதுதான் அழகு. வெற்றி வாய்ப்பை ப என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பகடையால் கூடும் வாய்ப்பு, சுருக்கிப் பார்த்தால், ப × (1 − ப). பள்ளிக்கூடக் கணக்குதான். ப என்பது பாதியாக இருக்கும்போது இது உச்சத்தில் நிற்கும், 25 சதவீதப் புள்ளி. இரண்டு ஓரங்களுக்கும் போகப் போகத் தேய்ந்துவிடும். 20 விழுந்தால் மட்டுமே வெற்றி என்ற நிலையில் வாய்ப்பு 5 சதவீதத்திலிருந்து 9.75-க்குத்தான் போகும். அதாவது ஜெயிப்போமா தோற்போமா என்று இழுபறியாக இருக்கும் இடத்தில்தான் இந்த விதி முழு பலத்தோடு வேலை செய்கிறது. விளையாட்டில் பதற்றம் அதிகமாக இருப்பதும் அதே இடத்தில்தான்.

இதோடு கைடன்ஸ் என்ற மந்திரத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். அது நான்கு முகப் பகடை ஒன்றை உருட்டி வருவதை உங்கள் எண்ணோடு கூட்டும். சராசரியாக 2.5, அதாவது 12.5 சதவீதப் புள்ளி. ப எவ்வளவாக இருந்தாலும் ஏறக்குறைய அதே அளவுதான், மேல் ஓரத்தில் மட்டும் 1 விழுந்தால் தோல்வி என்ற விதி வந்து மறிக்கும். 19 விழ வேண்டிய கடினமான கட்டத்தில் உங்கள் வாய்ப்பு 10 சதவீதம். அட்வான்டேஜ் அதை 19 ஆக்கும். கைடன்ஸ் 22.5 ஆக்கும். நடுவில் ராஜாவாக இருந்தவன் ஓரத்தில் தோற்றுப்போகிறான்! ஏறக்குறைய 15 சதவீதத்துக்குக் கீழே போனால் கைடன்ஸ், அதற்கு மேலே அட்வான்டேஜ், இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு ஆடுகிறவருக்கும் தெரியாமல் ஆடுகிறவருக்கும் நிறைய வித்தியாசம் உண்டு. இரண்டும் கிடைத்தால் இரண்டையும் போடுங்கள், அது வேறு விஷயம்.

அப்புறம் வாசகரின் மூன்று தோல்வி. 70 சதவீதம் என்றால் ஒரு அடி தவற 30 சதவீதம், மூன்றும் தொடர்ந்து தவற 0.3-ஐ மூன்று முறை பெருக்கினால் 2.7 சதவீதம். அபூர்வம்போலத் தெரிகிறதா? ஒரு முழு ஆட்டத்தில் நீங்கள் ஆயிரக்கணக்கில் வாள் வீசுகிறீர்கள். நூறு வீச்சுக்குள் எங்காவது ஒரு இடத்தில் மூன்று தொடர் தோல்வி வருவதற்கு 80 சதவீதத்துக்கும் மேல் வாய்ப்பு இருக்கிறது. வராமல் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஆனால் மூளைக்கு இந்தக் கணக்கு ஏறாது. 1913-ல் மான்டே கார்லோ சூதாட்ட விடுதியில் ரூலெட் சக்கரத்தில் 26 தடவை தொடர்ந்து கறுப்பு விழுந்தது. இத்தனை கறுப்புக்கு அப்புறம் சிவப்பு வந்தே தீரும் என்று ஒவ்வொரு சுற்றுக்கும் பணத்தைக் கொட்டித் தொலைத்தார்கள். சக்கரத்துக்கு ஞாபகசக்தி கிடையாது, நமக்குத்தான் இருக்கிறது. போதாததற்கு, கிடைத்த நூறு ரூபாயின் சந்தோஷத்தைவிடத் தொலைத்த நூறு ரூபாயின் வலி நமக்குப் பெரிது என்பதை 1979-லேயே கானெமன், ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் எழுதிவிட்டார்கள். விழுந்த எழுபது அடியை யாரும் நினைவில் வைப்பதில்லை.

இதைப் புரிந்துகொண்ட கேம் தயாரிப்பாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பொய் சொன்னார்கள். ஜப்பானிய ஃபயர் எம்ப்ளம் தொடரில் 2002-ல் வந்த கேமிலிருந்து நடந்த தந்திரம் இது: திரையில் 70 என்று காட்டும், உள்ளே 0 முதல் 99 வரை ஒரு எண்ணை எடுப்பதற்குப் பதில் இரண்டு எண்களை எடுத்துச் சராசரி பார்க்கும். அந்தச் சராசரி 70-க்குக் கீழே இருந்தால் அடி விழும்.

இரண்டு எண்களைச் சேர்த்தால் என்ன ஆகும் என்பது தாயம் ஆடியவர்களுக்குத் தெரியும். இரண்டு பித்தளைக் கட்டைகள், ஒவ்வொன்றிலும் வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று. மொத்தம் 16 விதமாக விழலாம். மூன்று விழ நான்கு வழி, தாயம் விழ இரண்டே வழி, பன்னிரண்டு விழ ஒரே வழி. நடு எண்கள் கூட்டமாக வரும், ஓர எண்கள் அரிது, அதனால்தான் தாயம் விழாமல் அரைமணி நேரம் வெளியிலேயே உட்கார்ந்திருக்கிறோம். ஃபயர் எம்ப்ளம் கணக்கிலும் சராசரிகள் நடுவில் கூடிவிடுகின்றன, 70-ஐத் தாண்டும் சராசரி அரிதாகிவிடுகிறது. விளைவு: காட்டிய 70 நிஜத்தில் 82.3. காட்டிய 90 நிஜத்தில் 98.1. இன்னொரு பக்கம், காட்டிய 30 நிஜத்தில் 18.3 மட்டுமே. பொதுவாக நம் வீரர்களுக்கு வாய்ப்பு அதிகம், எதிரிகளுக்குக் குறைவு என்பதால் இரண்டு பக்கமும் லாபம் நமக்கே. ஆடுகிறவருக்கோ இது பொய் என்று தோன்றவே தோன்றாது, ‘அப்பாடா, இந்த கேமில் 90 என்றால் 90-தான்’ என்று நிம்மதியாக ஆடுவார்.

வார்கிராஃப்ட் 3 என்ற கேம் வேறு வழியில் போனது. 25 சதவீத வாய்ப்புள்ள ஒரு சிறப்பு அடி முதல் முயற்சியில் 8.5 சதவீதத்தில் தொடங்கும், தவறினால் அடுத்தது 17, அதற்கடுத்தது 25.5 என்று ஏறிக்கொண்டே போகும், விழுந்ததும் பழையபடி 8.5. நீண்டகாலச் சராசரி அதே 25-தான், ஆனால் பன்னிரண்டாவது முயற்சிக்குள் கட்டாயம் விழுந்துவிடும். நிஜமான 25 சதவீதத்தில் அந்தப் பன்னிரண்டும் தவற நூற்றில் மூன்று வாய்ப்பு உண்டு.

கணினியில் பகடை என்றால் உள்ளே உருள்வது எதுவுமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு தொடக்க எண்ணை எடுத்து, சூத்திரத்தில் போட்டு, வருவதை மறுபடி போட்டு, இப்படி ஒழுங்கான வழியில் ஒழுங்கற்றது போலத் தெரியும் எண்களைக் கறக்கிறார்கள். மிகப் பிரபலமான சூத்திரங்களில் ஒன்று, 1997-ல் ஜப்பானியர்கள் மட்சுமோட்டோவும் நிஷிமுராவும் உருவாக்கிய மெர்சென் ட்விஸ்டர். 2-ஐ 19937 முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் வரும் எண்ணிக்கைக்கு அப்புறம்தான் அது திரும்பத் தொடங்கும். அந்த எண்ணுக்கு 6002 இலக்கங்கள், அது ஒரு பகா எண். பகா எண் என்று கண்டுபிடித்தது 1971-ல் பிரையன்ட் டக்கர்மன். அன்றைக்கு ‘இதனால் யாருக்கு என்ன பிரயோஜனம்’ என்று கேட்டிருந்தால் அவரால் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது. 26 வருடம் கழித்து அது இந்தச் சூத்திரத்துக்குள் போய் உட்கார்ந்தது, சூத்திரம் பின்னால் பைதான் என்ற நிரல்மொழி உட்பட ஏகப்பட்ட இடங்களுக்குப் போனது. ஆய்வுக்குப் பணம் கேட்டு வருகிறவரிடம் முதல் பக்கத்திலேயே ‘சமூகப் பயன்’ என்று ஒரு கட்டத்தை நிரப்பச் சொல்லும் வழக்கத்தை எவ்வளவு சீக்கிரம் விடுகிறோமோ அவ்வளவு நல்லது. இதில் எனக்குக் கோபம் உண்டு, சொல்லிவிட்டேன், நகர்வோம்.

பால்டர்ஸ் கேட் 3-லும் ஒரு கைவைத்தல் உண்டு. செட்டிங்கில் கர்மிக் டைஸ் என்று ஒரு பொத்தான் இருக்கிறது, கேமை நிறுவும்போதே அது ஆன் செய்யப்பட்டிருக்கும். பெயரைப் பார்த்துப் பூர்வஜென்மப் பலன் என்று நினைத்துவிட வேண்டாம், தோல்வி வரிசையாக வந்தால் அதை உடைத்துவிடும் ஏற்பாடு அது. ஆனால் எதிரிகளுக்கும் அதே கருணை காட்டுகிறது என்பது ஆடுகிறவர்களின் பெரிய புலம்பல். பாடுபட்டுக் கவசம் சேர்த்து எதிரியின் அடி விழவே விழாது என்ற நிலைக்கு வந்தால், அவன் தொடர்ந்து தவறுகிறானே என்று பகடை பரிதாபப்பட்டு அவனுக்கு ஒரு அடியைத் தானம் செய்கிறது. கவசக்காரர்கள் முதலில் அணைக்கும் பொத்தான் இதுதான். நானும் அணைத்துவிட்டுத்தான் ஆடுகிறேன். வெறும் சமவாய்ப்பின் கொடூரம் எனக்குப் பிடித்திருக்கிறது.

இதையெல்லாம் பார்த்துவிட்டு ராசி எண் விவகாரத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மேஜையில் ஆடுகிறவர்கள் ‘அதிர்ஷ்டப் பகடை’ வைத்திருப்பார்கள், சொதப்பிய பகடையைத் தண்டனையாகத் தனிப் பெட்டியில் அடைப்பார்கள். அது விளையாட்டு, அவர்களுக்கும் தெரியும். பெயரில் ஒரு எழுத்தைக் கூட்டினால் வேலை கிடைக்கும் என்று சொல்லிப் படித்த பிள்ளைகளிடம் ஆயிரக்கணக்கில் கறப்பது விளையாட்டு இல்லை. பத்துப் பேர் எழுத்தைக் கூட்டினால் நான்கு பேருக்கு எப்படியும் வேலை கிடைக்கும், அந்த நான்கு பேரின் புகைப்படம்தான் விளம்பரத்தில் வரும். மற்ற ஆறு பேரைத் தேடிப் போய் யாரும் பேட்டி எடுப்பதில்லை.

சரி, கொண்டாட்டத்துக்கு வருவோம். பகடையை வெளிப்படையாகக் காட்டினால் மட்டும் போதாது, தோற்றால் என்ன நடக்கிறது என்பதில்தான் லேரியன் உழைத்திருக்கிறது. கேமின் முதல் பகுதியில் அரபெல்லா என்ற சின்னப் பெண் ஒரு சிலையைத் திருடி மாட்டிக்கொள்கிறாள். அந்தச் சிலையை வணங்கும் கூட்டத்தின் தலைவி ககா ஒரு பாம்பை விட்டு மிரட்டிக்கொண்டு நிற்கிறாள். நீங்கள் நடுவில் புகுந்து பேசலாம், பகடை வரும். வென்றால் பெண் ஓடிவிடுவாள், பின்னால் இன்னொரு ஊரில் வேறு ஆளாக உங்களைச் சந்திப்பாள். தோற்றால் பாம்பு கடித்து அங்கேயே செத்துப்போகிறாள், வெளியே காத்திருக்கும் அப்பா அம்மாவை நீங்கள் பார்த்தாக வேண்டும். ‘ஆட்டம் முடிந்தது’ என்ற பலகை வராது. தோல்விக்கும் வசனம் எழுதி, நடிகர்களை வைத்துக் குரல் பதிந்து வைத்திருக்கிறார்கள். பாதிப் பேர் ஒரு தடவைகூடப் பார்க்கப்போகாத காட்சிக்குச் செலவழிக்க ஒரு கேம் நிறுவனம் துணிவது அபூர்வம்.

ஆமாம், முன்பு சேவ் செய்து வைத்த இடத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி உருட்டலாம், புது எண்தான் வரும், நிறையப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். அதற்கும் 2023 நவம்பரில் ஹானர் மோட் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். ஒரே ஒரு சேவ், பின்னால் போக வழியில்லை, மொத்தக் கூட்டமும் செத்தால் அந்த ஆட்டம் முடிந்தது. முழுசாக முடித்தவர்களுக்குத் தங்க நிறத்தில் ஒரு பகடை பரிசு. அதிலும் 20 விழ 5 சதவீதம்தான்.