பெட்ரோல் வாசனையும் எலும்புக்குள் இருக்கும் நாற்றங்காலும்

திருத்துறைப்பூண்டி பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: “என் தம்பி பத்து வருஷமாக பைக் மெக்கானிக் கடையில் இருக்கிறான். கார்பரேட்டர் கழுவுவதிலிருந்து சாயங்காலம் கை கழுவுவது வரை எல்லாம் பெட்ரோலில்தான். அதில் இருக்கும் பென்சீன் ரத்தப் புற்றுநோயைக் கொண்டுவரும் என்று ஒருவர் சொன்னார். உண்மையா? மூச்சில் போகிற பொருள் ரத்தத்தை எப்படிக் கெடுக்கும்?”

கொண்டுவரக்கூடும் என்பது உண்மைதான். அவருடைய இரண்டாவது கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. அதற்குத்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் ஊரில் மண்ணெண்ணெய் என்ஜினைப் பெட்ரோல் ஊற்றித்தான் கிளப்புவார்கள். பைக் டேங்கில் ஒரு டியூபை விட்டு, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சுவார் பக்கத்து வயல் பெரியப்பா. டியூபுக்குள் பெட்ரோல் ஏறி வருவது வெளியிலிருந்தே தெரியும். சரியான நேரத்தில் வாயை எடுக்க வேண்டும். பாதி நாள் எடுக்கமாட்டார். துப்பிவிட்டு, வாய்க்காலில் வாயைக் கொப்பளித்துக்கொண்டு, அடுத்த வேலைக்குப் போய்விடுவார். அந்த வாசனை எனக்குப் பிடிக்கும் என்பதால் பக்கத்திலேயே நிற்பேன்.

ஆறு கார்பன், ஆறு ஹைட்ரஜன் சேர்ந்த வளையம்தான் பென்சீன். பள்ளிக்கூடத்தில் அறுகோணம் வரைந்தது ஞாபகம் இருக்கும். 1825இல் மைக்கேல் ஃபாரடே இதை முதலில் பிரித்தெடுத்தார். கச்சா எண்ணெயில் இயல்பாகவே உண்டு. இன்று நம் பங்குகளில் விற்கும் பெட்ரோலில் கன அளவில் 1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. சுலபமாக ஆவியாகும், நுரையீரல் வழியாக ரத்தத்தில் கலக்கும். தோல் வழியாகவும் கொஞ்சம் போகும்.

இது ரத்தத்தைக் கெடுக்கும் என்று தெரிந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. 1897இல் ஸ்வீடனில் சைக்கிள் டயர் தொழிற்சாலையில் வேலை பார்த்த இளம் பெண்கள் ரத்தம் வற்றி இறந்ததை சாண்டெசன் என்ற மருத்துவர் பதிவு செய்தார். ரப்பரைக் கரைக்க அங்கே பென்சீன் பயன்பட்டது. 1912இல் ஹங்கேரி மருத்துவர் கொரானி இதே பென்சீனை லுக்கீமியா என்ற ரத்தப் புற்றுநோய்க்கு மருந்தாகவே கொடுத்துப் பார்த்தார். வெள்ளணுக்களைக் குறைக்கிறதே, பெருகிக்கிடக்கும் வெள்ளணுக்களையும் குறைக்கட்டும் என்பது கணக்கு. குறைக்கவும் செய்தது. ஆனால் அதே பொருள் லுக்கீமியாவை உண்டாக்கவும் செய்யும் என்பது உறுதிப்பட நெடுங்காலம் ஆனது. 1974இல் முசாஃபர் அக்சோய், இஸ்தான்புல்லில் பென்சீன் கலந்த பசையை வைத்துச் செருப்பு ஒட்டிய தொழிலாளர்களில் 26 பேருக்கு லுக்கீமியாவோ அதற்கு முந்தைய நிலையோ வந்திருப்பதை வெளியிட்டார். இன்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை பென்சீனை முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருள்களில், வைத்திருக்கிறது.

சரி, எலும்புக்குள் போவோம். இடுப்பெலும்பு, முதுகெலும்பு, மார்பெலும்பு, விலா எலும்பு இவற்றுக்குள் இருக்கும் சிவந்த மஜ்ஜை ஒரு நாற்றங்கால். நாளொன்றுக்கு ஏறக்குறைய 20,000 கோடி சிவப்பணுக்கள் அங்கிருந்து பறித்து அனுப்பப்படுகின்றன. வெள்ளணுக்களும் தட்டணுக்களும் தனி. இத்தனைக்கும் மூலம், எண்ணிக்கையில் மிகக் குறைவான குருத்தணுக்கள். குதிரின் அடியில் பத்திரமாக எடுத்துவைக்கும் விதைநெல் மாதிரி. சாப்பாட்டு நெல் கெட்டால் அந்த வருஷத்துப் பாடு. விதைநெல் கெட்டால் அடுத்து விதைப்பதற்கே ஒன்றும் இருக்காது.

இங்கேதான் புதிர் ஆரம்பிக்கிறது. பென்சீன் அப்படி ஒன்றும் துடிப்பான பொருள் இல்லை. அதன் வளையம் மிக உறுதியானது, உடம்பில் எதனோடும் எளிதில் வினைபுரியாது. பிறகு அது எப்படி நஞ்சாகிறது? 1979இல் ஒரு சோதனை செய்தார்கள். எலிகளின் கல்லீரலில் பெரும்பகுதியை வெட்டியெடுத்துவிட்டுப் பென்சீன் கொடுத்தார்கள். கல்லீரல்தானே நஞ்சை முறிக்கும் உறுப்பு, அது இல்லாத எலிக்குப் பாதிப்பு கூடும் என்றுதான் நாம் நினைப்போம். குறைந்தது! பின்னாளில், கல்லீரலில் பென்சீனைப் பிடித்து மாற்றும் ‘சிப்2இ1’ என்ற நொதியே இல்லாமல் பிறக்கவைத்த சுண்டெலிகளும் பென்சீனிலிருந்து தப்பின.

ஆக, நஞ்சைத் தயாரிப்பது நம் உடம்புதான். பென்சீன் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, அதனால் சிறுநீரில் அதிகம் போகாது. அதைக் கரைய வைக்கக் கல்லீரல், பென்சீன் வளையத்தில் ஆக்சிஜனை ஏற்றுகிறது. முதலில் ஃபீனால், அதன்மேல் இன்னொரு ஆக்சிஜன் ஏறினால் ஹைட்ரோகுவினோன். பெரும்பாலானது இந்த வழியில் வெளியேறியும் விடுகிறது. மிச்சம் ரத்தத்தில் சுற்றுகிறது. அப்படியென்றால் கல்லீரல் அல்லவா முதலில் கெட வேண்டும்? எலும்பு மஜ்ஜை ஏன் கெடுகிறது?

பதில், சீழில் இருக்கிறது. ஆறாத புண்ணில் சில சமயம் சீழ் பச்சையாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பச்சையில் மயலோபெராக்சிடேஸ் என்ற நொதியின் நிறத்துக்கும் பங்கு உண்டு. கிருமிகளைக் கொல்ல நம் வெள்ளணுக்கள் வைத்திருக்கும் ஆயுதம் இது. உப்பில் இருக்கும் குளோரைடை எடுத்து, வெளுப்பானில் இருக்கும் அதே வகைக் கடுமையான பொருளை அந்த இடத்திலேயே காய்ச்சி, கிருமியின் மேல் ஊற்றிவிடும். வெள்ளணுக்கள் பிறந்து வளரும் இடம் மஜ்ஜை, அதனால் இந்த ஆயுதம் குவிந்து கிடக்கும் இடமும் மஜ்ஜைதான். அங்கே வந்துசேரும் ஹைட்ரோகுவினோனை இந்த நொதி பிடித்து, பென்சோகுவினோனாக மாற்றிவிடுகிறது. கூடவே வந்த ஃபீனால் இந்த வேலையை இன்னும் வேகப்படுத்துகிறது. கல்லீரல் நல்ல எண்ணத்தோடு தொடங்கிய வேலையை, நம்மைக் காப்பதற்கென்றே இருக்கும் ஆயுதம் எலும்புக்குள் முடித்துவைக்கிறது. இதை முதலில் படித்த அன்று எனக்கு ராத்திரி வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

பென்சோகுவினோன் பார்த்ததையெல்லாம் பற்றிக்கொள்ளும். அது பற்றுகிறவற்றில் ஆபத்தானது டோபோஐசோமரேஸ்-2 என்ற புரதம். திருபுவனம் பக்கம் பட்டுத்தறி பார்த்தவர்களுக்கு இதன் வேலை உடனே புரியும். பாவு நூல் சிக்கிக்கொண்டால் நெசவாளர் ஓர் இழையை அறுத்து, சிக்கிய இழையை அந்த வழியே விட்டு, அறுத்ததை மறுபடி முடிச்சுப் போட்டுவிடுவார். உட்கரு உள்ள நம் உயிரணு (செல்) ஒவ்வொன்றிலும் சுமார் 2 மீட்டர் நீள டிஎன்ஏ, ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத உட்கருவுக்குள் சுருண்டு கிடக்கிறது. அணு பிரியும்போது சிக்காமல் இருக்குமா? டோபோஐசோமரேஸ்-2தான் ஓர் இடத்தில் இரண்டு இழையையும் வெட்டி, இன்னொரு பகுதியை நடுவே விட்டு, மறுபடி ஒட்டும். அந்தப் புரதத்தில் பென்சோகுவினோன் ஒட்டிக்கொண்டால் வேலை கெடுகிறது. வெட்டு விழுந்தபின் ஒட்டாமல் நின்றுபோனால், டிஎன்ஏ இரண்டாக அறுந்து தொங்கும்.

அறுந்த அணு அனேகமாகச் செத்துவிடும். நிறைய செத்தால் நாற்றங்காலே காய்ந்துபோகும். ஸ்வீடன் பெண்களுக்கு நடந்தது இதுதான். இன்னொரு வழியும் உண்டு. அறுந்த முனைகளை அணு அவசரமாகத் தப்பாக ஒட்டிவிட்டு உயிர் பிழைத்துவிடலாம். எட்டாவது குரோமோசோமின் (டிஎன்ஏ கட்டின்) துண்டு இருபத்தொன்றில் ஒட்டிக்கொள்ளும், ஐந்திலோ ஏழிலோ ஒரு பகுதி காணாமல் போகும். அப்படித் தப்பிய ஒரு குருத்தணு பல வருஷங்களில் இன்னும் சில பிழைகளைச் சேர்த்துக்கொண்டு, முதிரவே முதிராத அணுக்களாகப் பெருகினால், அதுதான் தீவிர மயலாய்டு லுக்கீமியா. கதிர் தள்ளாத பயிர் வயல் முழுக்க மண்டி, நல்ல நாற்றுக்கு இடமில்லாமல் செய்வதுபோல.

எல்லோருக்கும் ஒரே அளவு பாதிப்பு இல்லை. குவினோனைத் திருப்பி ஹைட்ரோகுவினோனாக்கும் காவல் நொதி ஒன்று உண்டு, சிலருக்குப் பிறவியிலேயே அது வேலை செய்யாது. 1997இல் வெளியான ஷாங்காய் தொழிலாளர் ஆய்வில், கல்லீரல் நொதி வேகமாகவும் காவல் நொதி செயலற்றும் இருந்தவர்களுக்குப் பென்சீன் நச்சு ஏறும் வாய்ப்பு, இரண்டும் சாதகமாக இருந்தவர்களைவிட 7.6 மடங்கு. மது அந்தக் கல்லீரல் நொதியைக் கூட்டும் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

டெல்டாவில் இந்தப் பேச்சை எடுத்தாலே இரண்டு குரல்கள் கேட்கும். எண்ணெய்க் கிணறு இருக்கும் ஊரில் யாருக்குப் புற்றுநோய் வந்தாலும் கிணற்றால்தான் என்பது ஒன்று. நாகதோஷம், பரிகாரம் பண்ணு என்பது இன்னொன்று. தோஷம் என்று சொல்லி, நோயில் கிடக்கும் பிள்ளையோடு ஒரு தாயை மாதக்கணக்கில் கோயில் கோயிலாக அலையவைப்பதை என்னால் பொறுக்க முடிவதில்லை. ஆரம்பத்திலேயே மருந்து தொடங்கினால் பிழைக்கும் பிள்ளைகள் நிறைய. குழந்தைகளுக்கு வரும் லுக்கீமியாவில் பெரும்பாலானவற்றுக்கு ஒற்றைக் காரணம் காட்ட முடியாது என்பதும் உண்மை. கிணற்றைப் பற்றிய அச்சமோ வேறு வகை. நியாயமான கேள்வி அது, காற்றிலும் போர் தண்ணீரிலும் பென்சீனை அளந்துதான் பதில் சொல்ல முடியும். காற்றில் ஆண்டுச் சராசரி கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று 2009இல் தேசிய அளவுகோல் வகுத்திருக்கிறார்கள். அளவுகோல் இருந்தால் அளக்கும் கருவியும் ஊரில் இருக்க வேண்டும். சென்னையில் 1980களிலிருந்து புற்றுநோய்ப் பதிவேடு நடத்தும் அனுபவம் நம்மிடம் இருக்கிறது. நோயாளி வாழ்நாளில் என்னென்ன வேலை பார்த்தார் என்ற ஒரு வரியும் சேர்த்து டெல்டாவில் எழுதிவைக்கப் பெரிய பணம் ஆகாது. ராக்கெட்டுக்குக் கொடுப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான், இதற்கும் கொடுங்கள்.

இனி தம்பியைப் பற்றி. பெட்ரோல் தொடும் எல்லோருக்கும் லுக்கீமியா வருவதில்லை, வருபவர்கள் சிலர்தான். எத்தனை வருஷம், எவ்வளவு ஆவி, கடையில் காற்றோட்டம் எப்படி என்பதைப் பொறுத்தது. கையைச் சோப்புத் தூளும் மரத்தூளும் போட்டுக் கழுவட்டும். பாகங்களை ஊறவைக்க டீசல் போதும், பென்சீன் அதில் மிகக் குறைவு. கார்பரேட்டருக்குப் பெட்ரோல்தான் வேண்டுமென்றால், வெளியே, காற்றுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து செய்யட்டும். டியூபை வாயில் வைக்கவே வேண்டாம், அதற்குக் கைபம்பு கிடைக்கும். சிகரெட் புகையிலும் பென்சீன் உண்டு. புகைப்பவர் உடம்பில் சேரும் பென்சீனில் பெரும்பங்கு அதிலிருந்துதான் வருகிறது. வருஷத்துக்கு ஒருமுறை முழு ரத்த அணு எண்ணிக்கை பார்த்து, தாள்களைத் தேதி வாரியாக ஒரே கவரில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். ஒரு தாளில் தெரியாதது, நாலைந்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தெரியும்: வெள்ளணுக்கள் வருஷா வருஷம் இறங்கிக்கொண்டே வந்தால் ரத்தநோய் மருத்துவரிடம் காட்ட வேண்டும், என்ன வேலை பார்க்கிறான் என்பதையும் சொல்லி.